நானூற்றுப் பதின்மூன்றாவது வருத்தம்

1996 பிப்ரவரி பதினைந்து, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குத் தர்மவான் சோலையப்பர் நினைவுக் கலைக்கல்லூரியின் முதல்வர் அறையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

மேசைக்கு அந்தப்பக்கம் சுழல்நாற்காலியில் முதல்வர் முனைவர் வேலுசாமி. அந்த நாற்காலி சுழல்வதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலைப் பார்த்த வாக்கில் அது இறுகிவிட்டபடியால், அவர் யாரோடு பேசினாலும் வெளியே நின்ற புங்கமரத்தோடு பேசுவதுபோலவே இருக்கும். அவருக்கு வலப்பக்கம் சோபாவில் தாளாளர். சுருட்டு வியாபாரத்தில் பொருள் சேர்த்துக் கல்லூரி கண்ட சோலையப்பரின் பேரன். கண்களை மூடியிருந்தார். அவர் தூங்குகிறாரா சிந்திக்கிறாரா என்று கண்டறிய இதுவரை குழு எதுவும் அமைக்கப்படவில்லை. இடப்பக்கம் மடக்கு நாற்காலியில் அலுவலகக் கண்காணிப்பாளர் முனியப்பன், மடியில் குழந்தையைப்போல ஒரு கோப்புடன். கதவோரப் பெஞ்சில் வரலாற்றுத் துறை விரிவுரையாளர் புவனேஸ்வரி. விசாரணைக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்ற விதிப்படி அவர் இருந்தார். பேச வேண்டும் என்று விதி இல்லை.

அறையின் நடுவில், வேதியியல் கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட ஸ்டூலில், பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவர் பாஸ்கல். வயது முப்பத்தைந்து. ஓய்வுபெற்ற ஹவில்தார். ஸ்டூல் நின்றுகொண்டே சோதனை செய்கிறவர்களுக்கான உயரம் ஆதலால், விசாரிக்கப்படுகிறவர் விசாரிக்கிறவர்களுக்கு ஒரு முழம் மேலே இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அது பெற்றோருக்கு.

"அப்பாவக் கூட்டிட்டு வரலையா?" என்று முதல்வர் புங்கமரத்தைக் கேட்டார்.

"அப்பா தவறி ஒம்போது வருசம் ஆச்சுங்க சார்."

"அம்மா?"

"அவுங்களும் இல்லங்க."

"பெரியப்பா, சித்தப்பா?"

"பெரியப்பா ஒருத்தர் இருக்காருங்க. எம்பத்தஞ்சு வயசு. இப்ப அவருக்குத்தான் நான் காப்பாளர்."

முனியப்பன் கோப்பைப் புரட்டி, எழுதுவதற்கு இடமில்லாத ஒரு பதிலைக் கேட்ட முகத்தோடு நிமிர்ந்தார். முப்பது வருடமாக அந்தக் கல்லூரியில் தப்புச் செய்த பையன் அப்பனைக் கூட்டிவந்துதான் உள்ளே போயிருக்கிறான். கூட்டிவர முடியாதவன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரையாவது அப்பனாக அழைத்து வந்திருக்கிறான். அப்பன் இல்லாமல் விசாரணையை முடிப்பது எப்படி என்பதற்கு முன்னுதாரணம் கிடையாது.

"இம்புட்டு வருசமா உன்னைய யாருதான் அப்பு பொறுப்புல வச்சிருந்தது?" என்று கேட்டார்.

"பதினஞ்சு வருசம் பட்டாளந்தாங்க."

"பட்டாளத்துக்கு யாரு பொறுப்பு?"

"முப்படைக்கும் தலைவரு குடியரசுத் தலைவர்தாங்க."

முனியப்பன் பேனா மூடியைத் திருகினார். "அவர வரச்சொல்றதுன்னா தபாலுக்கே பத்து நாளாகும்," என்று முதல்வரிடம் வருத்தத்தோடு சொன்னார். பிறகு பாஸ்கலிடம் திரும்பி, "கல்யாணம் ஆயிருச்சா அப்பு?" என்றார்.

"ஆயிருச்சுங்க."

"அப்ப சம்சாரந்தான் காப்பாளர்," என்று எழுதி அடிக்கோடிட்டார். சட்டச்சிக்கல் ஒன்று தீர்ந்த நிம்மதி அறையில் பரவியது.

பாஸ்கல் அந்த ஸ்டூலுக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது.

அவர் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர். 1988-ல் அவருடைய படைப்பிரிவு கடல் தாண்டிப் போனது. அங்கே ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு பாழடைந்த அரிசி ஆலையை முப்பது பேர் சூழ்ந்து நாற்பது நிமிடம் சுட்டார்கள். உள்ளிருந்து ஒன்பது ஆடுகள் வெளியே ஓடின. அவற்றின் பின்னால் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர், கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அறிக்கை எழுதினார்கள். 'எதிரிகள் ஒன்பது பேர் தப்பி ஓடினர், ஒருவர் பிடிபட்டார்' என்று அதில் இருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பாஸ்கல் போட்டார். அறிக்கை மேலே போய் ஒருவருக்கு மெடலாகத் திரும்பி வந்தது. கிழவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தாரா என்பது பாஸ்கலுக்குத் தெரியாது. ஆடுகள் திரும்பி வந்தன.

ஓய்வுபெற்று வந்ததும், நடந்ததையும் எழுதியதையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிற படிப்பு ஒன்று உண்டா என்று விசாரித்தார். வரலாறு என்றார்கள். முன்னாள் படைவீரர் இடம் என்று கல்லூரிக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தவர் ஒரு வருடம் தேர்வெழுதத் தவறினாலும் இடம் போய்விடும், மறுபடி கிடைக்காது. அதற்கும் சம்மதித்து, பேகம்பூருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பிடித்து, மனைவி ரோஸ்மேரி ஆரம்பப் பள்ளிக்கு டீச்சராகப் போக, இவர் கன்னிவாடி சாலையில் சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்குப் போனார். பதினெட்டு வயதுப் பையன்களோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். அவர்கள் அவரை 'மிலிட்டரியண்ணே' என்றார்கள்.

ஜனவரி எட்டாம் தேதி கல்லூரிக் குடிதண்ணீர்த் தொட்டியில் அணில் ஒன்று செத்து மிதந்தது. தொட்டியைக் கழுவுவதற்கு அரைநாள் போதும். கல்லூரி அப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. மூவர் குழு அமைத்தது. குழு நான்கு முறை கூடி, விலங்கியல் துறையின் கருத்தையும் கேட்டு, பதினோரு பக்க அறிக்கை கொடுத்தது. அணில் வளாகத்தைச் சேர்ந்தது அல்ல, வேலி தாண்டி வந்த வெளியாள் என்றும், எனவே நிர்வாகம் பொறுப்பல்ல என்றும் அதில் கண்டிருந்தது. இனிமேல் தண்ணீர்பற்றிப் புகார் எழாமல் இருக்க ஒரு பரிந்துரையும் இருந்தது. அதன்படி இருபதாம் தேதி குழாயைக் கழற்றிவிட்டார்கள். குழாய் இல்லாத இடத்தில் தண்ணீர் கெட்டுப்போயிற்று என்று எவரும் சொல்ல முடியாதல்லவா.

இருபத்திரண்டாம் தேதி ஸ்டிரைக் தொடங்கியது.

தொடங்கின அன்றே இரண்டு தரப்பும் பாஸ்கலைத் தேடி வந்தன. மாணவர் தலைவன் பிரபு, "அண்ணே, நீங்கதான் எங்களுக்குத் தளபதி. எங்கன நிக்கணும், எப்பிடி மறிக்கணும்னு சொல்லுங்க," என்றான். முதல்வரோ அவரை அழைத்து, "நீங்க அனுபவசாலி. கேட்டை எப்பிடிப் பாதுகாக்கிறதுன்னு ஒரு வரைபடம் போட்டுக் குடுங்க," என்றார். பாஸ்கல் இருவரிடமும் "நான் படிக்க வந்தேன்" என்றார். இருவரும் அதை ராணுவ ரகசியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே நிற்க, அவர் ஒருவர் மட்டும் சைக்கிளைப் பூட்டிவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தார். புவனேஸ்வரி வந்து பார்த்தார். இருபத்தெட்டு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம் ஆகியிருந்ததால் பாடம் நடத்துகிற பழக்கம் இன்னும் விடவில்லை. ஒரு மாணவருக்குப் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தினார். வருகைப்பதிவேட்டை மட்டும் அலுவலகத்தில் அவருக்குக் கொடுக்கவில்லை. ஸ்டிரைக் என்றால் மணி அடிக்கக் கூடாது, பதிவேடுகளைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், காவல்நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 1974 முதல் கல்லூரியில் உள்ள நடைமுறை.

இருபத்தாறாம் தேதி மட்டும் ஸ்டிரைக்குக்கு லீவு. குடியரசு தினத்தில் கொடியேற்றி லட்டு கொடுப்பார்கள். போராடும் மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். மாணவர்களுக்குத் தேசபக்தியைப்பற்றிப் பேசச் சொல்லி முதல்வர் பாஸ்கலை மேடையேற்றினார். பாஸ்கல் இரண்டே வாக்கியம் பேசினார்: "பட்டாளம் ஒரு இடத்துக்குக் கிளம்புனா மொத வண்டி தண்ணி வண்டிதான். துப்பாக்கி அதுக்குப் பெறகுதான் போகும்." கைதட்டல் கன்னிவாடி மலையில் மோதித் திரும்பியது. முதல்வர் அதற்குப்பிறகு விசாரணை நாள்வரை அவரோடு நேராகவும் பேசவில்லை, மரத்தின் வழியாகவும் பேசவில்லை.

பதினோரு நாள் கழித்து நிர்வாகம் கோரிக்கையை முழுமையாக ஏற்றது. பையன்கள் மனுவில் 'கழற்றிய குழாயை உடனே மாட்டு' என்று எழுதியிருந்தார்கள். அதேபோல் மாட்டிக் கொடுத்தார்கள். தாளாளர் ரிப்பன் வெட்டினார். போட்டோ எடுத்தார்கள். திறந்தபோது குழாய் பாம்புபோல ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கியது. தண்ணீரும் வர வேண்டும் என்று மனுவில் இல்லை. தலைவன் பிரபு அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, வெற்றி ஊர்வலத்துக்குப் போனான்.

இனி கணக்கை நேர்செய்வது பாக்கி. பதினோரு நாள் வருகை போனால் பாதிப்பேருக்குத் தேர்வெழுதும் தகுதி போய்விடும். அதைப் பல்கலைக்கழகம் மன்னிக்க வேண்டுமானால், மாணவர் ஒவ்வொருவரும் 'நான் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றேன், அதற்கு வருந்துகிறேன்' என்று எழுதி, காப்பாளரிடமும் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். அலுவலகமே சைக்ளோஸ்டைல் போட்டுக் கொடுத்தது. பேர் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு இரண்டு கோடு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் வருந்தி முடித்தார்கள்.

பாஸ்கல் வாங்கிப் படித்துவிட்டு, "நான் பங்கேற்கலைங்களே," என்று திருப்பிக் கொடுத்தார். போன நவம்பரில் டைபாய்டில் படுத்ததால் அவருக்கும் அந்தப் பதினோரு நாள் இல்லாமல் வருகை தேறாது. ஆனால் ஸ்டிரைக் செய்தவருக்கு மன்னிப்பு உண்டு. செய்யாதவருக்கு எதை மன்னிப்பது?

அதனால்தான் இந்த விசாரணை.

"பாருங்க பாஸ்கல்," என்றார் முதல்வர், மரத்தைக் கனிவோடு பார்த்து. "நம்ம கல்லூரியில வேலைநிறுத்தம் நடந்துச்சு. அது அவமானம். ஆனா முழுசா நடந்துச்சு. அது ஒழுக்கம். பாஸ் பர்சென்டேஜ்ல நாம நூத்துக்கு நூறு வாங்கினது கெடையாது. விளையாட்டுல கெடையாது. இந்த ஒரு விசயத்துலதான் நூத்துக்கு நூறு. அதையும் நீங்க கெடுக்கலாமா?"

"நான் தெனமும் வந்தேங்க சார்."

"ஒரு மாணவர்கூட வரலைன்னு நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதிட்டேன். நீங்க வந்திருந்தா நான் எழுதுனது பொய்யாயிரும். ஒரு கல்லூரி முதல்வர் பொய் எழுதமாட்டார். அப்ப நீங்க வரல. இதுல என்ன கொழப்பம்?"

பாஸ்கல் புவனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். முதல்வரும் வேறு வழியில்லாமல், "என்ன மேடம், நீங்க இவரப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன் சார். பதினோரு நாளும் கிளாஸ் எடுத்தேன். பிரெஞ்சுப் புரட்சி முழுசும் முடிச்சிட்டேன்."

"பதிவேட்டுல இருக்கா?"

"பதிவேடு பீரோவுல இருந்துச்சு சார்."

"பாத்தீங்களா. நடந்திருந்தா பதிவேட்டுல இருக்கும்ல?"

'பிரெஞ்சுப் புரட்சி நடந்ததற்கு அலுவலகத்தில் ஆதாரம் இல்லை' என்று முனியப்பன் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்பு, நீ ஒருத்தன் உள்ள இருந்தேன்னு வந்துச்சுன்னா, அன்னைக்குக் கல்லூரி நடந்துச்சுன்னு அர்த்தம். நடந்திருந்தா எதுக்கு மணி அடிக்கலன்னு கேப்பான். நானூத்திப் பன்னெண்டு பேரு மன்னிப்பும் நின்னு போகும். திங்கக்கெழம சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கோப்பு தபால்ல போகணும். ஒன்னோட காயிதம் வரலைன்னா, ஒன்னையப் பேர் நீக்கிட்டு நானூத்திப் பன்னெண்டையே நூத்துக்கு நூறாக்கிருவோம். அம்புட்டுத்தான்."

தாளாளர் கண்களைத் திறந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஸ்டூலிலிருந்து பாஸ்கலும் இறங்கினார்.

"அந்த அணில் என்னாச்சு?" என்று தாளாளர் கேட்டார்.

"அடக்கம் பண்ணியாச்சுங்கய்யா," என்றார் முனியப்பன்.

தாளாளர் திருப்தியோடு கண்களை மூடினார். விசாரணை முடிந்தது.

படியிறங்கும்போது புவனேஸ்வரி பின்னாலேயே வந்தார். பாஸ்கல் அவருக்கு நன்றி சொன்னார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் சார். ஒன்னு கேக்கலாமா? நீங்க ஏன் ஸ்டிரைக்ல சேரல?"

"படிக்கத்தான வந்தேன் மேடம்."

"அதுகளும் படிக்கத்தான் வந்துச்சுக. கன்னிவாடிப் பக்கத்துப் பொண்ணுக ஏழு மணி பஸ்ஸுக்குக் கெளம்புதுக. திரும்ப வீட்டுக்குப் போயித்தான் வாயில தண்ணி. நீங்க தெனமும் தோள்ல பட்டாளத்துத் தண்ணி பாட்டில் போட்டுட்டு வர்றீங்க. அதான் கேட்டேன்."

பாஸ்கல் தோளைத் தொட்டுப் பார்த்தார். பாட்டில் இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் பிரபு காத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒங்க ஒத்தக் கையெழுத்து. போட்டுட்டு மறந்துருங்கண்ணே. நான் என் பேருக்கே ஸ்பெல்லிங் பாக்காமப் போட்டேன்."

"ஒங்கப்பா கையெழுத்து?"

"அதையும் நாந்தான் போட்டேன்," என்றான் பிரபு பெருமையாக. "அப்பாவோடது எனக்கு நல்லா வரும்."

வீட்டில் ரோஸ்மேரி ஒன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்கச் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் ஒங்களுக்குக் காப்பாளரா?"

"கோப்புல அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க."

"பதினாலு வருசமா நான் பாக்குற வேலைக்கு இன்னைக்குத்தான் எழுத்துல உத்தரவு வந்திருக்கு," என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு கையெழுத்துத்தான, போட்டா கை தேஞ்சா போயிரும்? ரெண்டு வருசப் படிப்புங்க."

"தேயாது. முன்ன ஒரு தடவ போட்டேன்ல, தேயல."

அரிசி ஆலை விஷயம் ரோஸ்மேரிக்குத் தெரியும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் அதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அப்போதும் ஆடுகளைப்பற்றித்தான் அதிகம் சொன்னார். அவள் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காயை வைத்தாள்.

"பொய்யில கையெழுத்துப் போட மாட்டீங்க. சரி," என்றாள் தட்டை எடுத்தபடி. "ஸ்டிரைக் பண்ணலைங்கிறதுதான ஒங்களுக்குத் தடங்கல்? பண்ணிட்டுப் போட வேண்டியதுதான. நாளைக்கு வெள்ளிக்கெழம. நல்ல நாளு."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் பாஸ்கல் விளையாட்டை உத்தரவாக எடுத்துக்கொள்கிற இடத்தில் பதினைந்து வருடம் இருந்தவர்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில், கேட்டுக்கு இடப்பக்கம், தரையைக் கூட்டிச் சுத்தம் செய்து, கித்தான் துணியை விரித்து உட்கார்ந்தார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரவில்லை. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் பட்டாளத்து வழக்கப்படி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது: 'கோரிக்கை ஒன்று. கல்லூரி நடக்கும் நாட்களில், காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். அது குடிக்கக் கூடியதாக இருக்கவேண்டும்.'

கோஷமும் போட்டார். போடுகிறவரும் அவர்தான், பதில் சொல்கிறவரும் அவர்தான். "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, தலையை வலப்பக்கம் திருப்பி, "வேண்டும் வேண்டும்" என்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.

பையன்கள் கேட்டில் கூடிவிட்டார்கள். பிரபு ஓடி வந்து காதோடு பேசினான். "அண்ணே, ஸ்டிரைக் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. வெற்றி ஊர்வலமெல்லாம் போயாச்சு."

"எனக்கு இன்னைக்குத்தாம்ப்பா ஆரம்பம்."

"நாங்களும் உக்காரவா?"

"நீங்க வருந்திட்டீங்கள்ல. போயிப் படிங்க."

விஷயம் முனியப்பனுக்குப் போனது. கல்லூரி வாசலில் கோரிக்கையோடு ஒரு மாணவர் உட்கார்ந்தால் அது ஸ்டிரைக்கா, வெறும் லீவா? எத்தனை பேருக்கு மேல் ஸ்டிரைக் என்று 1974-ஆம் வருட நடைமுறையில் இல்லை. 'கோரிக்கை எழுதிய அட்டை காணப்படின்' என்றுதான் இருந்தது. முனியப்பன் விதியை மீறிப் பழக்கமில்லாதவர். மணியை நிறுத்தினார். பதிவேடுகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். காவல்நிலையத்துக்குப் போன் செய்தார். பத்தே முக்காலுக்கு அறிவிப்புப் பலகையில், 'மாணவர் வேலைநிறுத்தம் காரணமாக இன்று வகுப்புகள் நடைபெறா' என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டப்பட்டது. படிக்கத் தயாராக வந்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியே அனுப்பப்பட்டு, வேறு போக்கிடமில்லாமல் புங்கமரத்தடியில் நின்றார்கள்.

பதினொன்றரைக்கு ஒரு ஏட்டும் ஆறு போலீஸாரும் வேனில் வந்து இறங்கினார்கள். ஏட்டு தலைகளை எண்ணிப் பார்த்தார்.

"இதுல யாரு ஸ்டிரைக்கு?"

"நாந்தாங்க."

"மத்தவங்க?"

"அவுங்களுக்கு லீவு விட்டிருக்கு."

"கூட்டம் கூடுனா கலைக்கலாம். ஒத்த ஆள எங்கிட்டுக் கலைக்கிறது?" என்று ஏட்டு நொந்துகொண்டார். அட்டையை ஒருதரம் வாய்விட்டுப் படித்தார். வெயில் ஏறியிருந்தது. "தண்ணி எங்கனப்பா இருக்கு?" என்றார்.

பாஸ்கல் கையைக் காட்டினார். ஏட்டு போய்க் குழாயைத் திறந்தார். அது மூச்சு விட்டது. ஏட்டு குழாயைப் பார்த்தார், அதன் மேலே பதித்திருந்த திறப்புவிழாக் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு முதல்வர் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேசினார் என்பது தெரியாது. சட்டம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது. அரைமணி நேரத்தில் ஒரு டெம்போவில் மூன்று டிரம் நல்ல தண்ணீர் வந்து இறங்கியது. போலீஸாருக்குத் தேவையான ஏற்பாடு என்று முனியப்பன் கோப்பில் குறித்துக்கொண்டார். ஏழு போலீஸார் எவ்வளவுதான் குடிப்பார்கள்? மீதியைப் பொண்ணுகள் குடித்தார்கள். கன்னிவாடிப் பக்கத்திலிருந்து வருகிற ரூபி என்ற முதலாண்டுப் பெண் ஒரு டம்ளரில் மொண்டுகொண்டு வந்து பாஸ்கலிடம் நீட்டினாள்.

"நான் ஸ்டிரைக்ல இருக்கேன்மா."

"ஸ்டிரைக்கு தண்ணிக்குத்தானண்ணே? குடிக்க மாட்டேன்னா பண்றீங்க?"

பாஸ்கலுக்கு அது நியாயமாகப் பட்டது. வாங்கிக் குடித்தார். நாலரை மணிக்கு எழுந்து, கித்தானை மடித்து, அட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்து, "இன்னைக்கு முடிஞ்சது" என்று ஏட்டிடம் முறைப்படி தெரிவித்துவிட்டுப் போனார்.

சனியும் ஞாயிறும் அவர் எழுதினார். நாலு வரிக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ரோஸ்மேரி அதை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். அடியில், 'மேற்படி மாணவர் என் கட்டுப்பாட்டில் ஒழுங்காக நடந்துகொள்வார்' என்ற வரிக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புக்குப் போடுவதுபோல் அழகாகக் கையெழுத்திட்டாள். "மொத வரி எழுத்து கோணலா இருக்கு. மத்தபடி சரி," என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மூன்றரைக்கு அது முனியப்பன் மேசைக்கு வந்தது.

'ஐயா, நான் 16.2.1996 அன்று கல்லூரி வாசலில் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றேன். அன்று வேலைநிறுத்தம் நடந்தது என்பதற்கு முதல்வர் கையெழுத்திட்ட அறிவிப்பு ஆதாரம். இதற்கு முன் நடந்த பதினோரு நாள் வேலைநிறுத்தத்தில், என்னிடம் தண்ணீர் இருந்த காரணத்தால், நான் பங்கேற்கவில்லை. அதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இப்படிக்கு, பாஸ்கல்.'

முனியப்பனிடம் ஒரு சரிபார்ப்புத் தாள் இருந்தது. மாணவர் பங்கேற்றதாகச் சொல்கிறாரா? சொல்கிறார், ஒரு டிக். வருந்துகிறாரா? வருந்துகிறார், மனப்பூர்வமாகவே, ஒரு டிக். காப்பாளர் கையெழுத்து? ஒரு டிக். அவருடைய பேனா அதற்குப்பிறகும் தாளை விட்டு நகரவில்லை. பாஸ்கல் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

முனியப்பன் எழுந்து, கடிதக் கட்டை அள்ளிக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார்.

"எல்லாம் வந்திருச்சா?" என்ற குரல் ஜன்னல் பக்கத்திலிருந்து கேட்டது.

"நானூத்திப் பதிமூணும் இருக்குங்க சார்."

"நூத்துக்கு நூறு?"

"நூத்துக்கு நூறு."

முதல்வர் முகப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். 'எம் மாணவர் அனைவரும் ஒரே குரலில் வருந்துகின்றனர். அனைவருக்கும் வருகை வழங்கித் தேர்வெழுத அனுமதிக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று அதில் இருந்தது. போடும்போதும் அவர் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் கையெழுத்து ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது.

முனியப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டை உறைக்குள் திணித்தார். மெழுகுவத்தியைக் கொளுத்தி அரக்கைக் காட்டினார். சொட்டுச்சொட்டாக அது உறையின் வாயில் விழுந்தது.

"அப்பு, முப்பது வருசமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "கடுதாசிய எண்ணுவேன். படிக்கிற பழக்கம் இல்ல."

"சரிங்க."

"இன்னைக்கு ஒன்னு படிச்சிட்டேன்." பித்தளை முத்திரையை அரக்கின்மேல் வைத்து, முழங்கையால் ஊன்றி அழுத்தினார். "பெருமாளே, வயசாகுதுல."

ஐந்து இடத்தில் முத்திரை குத்தி, ஊதி ஆறவைத்து, உறையைப் பாஸ்கலிடமே நீட்டினார். "ஆள் இல்ல. தபாலாபீசு அஞ்சு மணிக்கு மூடிருவான். நீ சைக்கிள்லதான போற. பதிவுத் தபால். ரசீதப் பத்திரமா கொண்டா."

பாஸ்கல் சைக்கிளை மிதித்த வேகத்தில் நாலு நாற்பதுக்குத் தபாலாபீஸ் கவுன்டரில் நின்றார். உள்ளே இருந்தவர் உறையைத் தராசில் வைத்துவிட்டு, "என்னப்பா இம்புட்டு கனம்?" என்றார்.

"மன்னிப்புக் கடுதாசிங்க."

"அம்புட்டுமா?"

"ஒன்னு மட்டும் கொஞ்சம் வேற."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தபால்தலைகளை ஒட்டி, முத்திரையை இரண்டு முறை ஓங்கிக் குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டு, உறையை முதுகுக்குப் பின்னால் பார்க்காமலே எறிந்தார். அது சரியாகச் சாக்குப்பைக்குள் போய் விழுந்தது.